டெம்பெலே, இது உன் பங்கு

தட்டைப்பயறில் கல் பொறுக்குவதைத் தெனே யாரிடமும் விடமாட்டாள். அரிசியை மற்ற இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும், வெங்காயம் உரிக்கட்டும், விறகு அடுக்கட்டும். பயறு மட்டும் அவள் முறத்துக்கு வந்த பிறகுதான் கொப்பரைக்குப் போகும். செகூ நகரத்தில் ஆற்றங்கரைப் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் அவள் சமைக்க வந்து இருபத்திரண்டு வருஷம். முந்நூற்று நாற்பது பிள்ளைகளில் ஒன்றின் வாயிலும் இதுவரை கல் கடிபட்டதில்லை. ஒருதரம் கடிபட்டது என்பார் தலைமையாசிரியர். அது கல் இல்லை, அந்தப் பிள்ளையின் விழுந்த பல் என்பாள் தெனே. இருவருமே இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றும் முறமும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது மாவு மில் லஸானா கம்பு மாவு மூட்டையோடு வந்தான்.

"என்ன அடிமை, எஜமானுக்குச் சாப்பாடு ஆச்சா?"

"வாடா பயறு தின்னி. வாசம் புடிச்சே வந்துட்டியா? இன்னும் அடுப்புலயே ஏத்தலை."

"ஏத்தலைன்னா பச்சையாவே தின்னுட்டுப் போறேன்."

"தின்னாலும் தின்பே. கோனே வீட்டுப் பிள்ளைதானே, தாய்ப்பாலுக்கு முன்னாடி பயறுதானே குடுத்திருப்பாங்க."

லஸானா கோனே. தெனே டெம்பெலே. கோனே குடியும் டெம்பெலே குடியும் காலங்காலமாகக் கேலிமுறைக்காரர்கள். வழியில் பார்த்தால் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டாமல் போனால்தான் கோபம். கோனே பயறு தின்னி, டெம்பெலே அடிமை. எவ்வளவு திட்டினாலும் முறைக்காரன் வந்து ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. தெனேயின் புருஷன் இறந்தபோது பிணத்தைத் தூக்கவிடாமல் வாசலில் குறுக்கே படுத்து, "எனக்குப் பயறு தரவேண்டியதைத் தந்துட்டுப் போகச் சொல்லு" என்று அழிச்சாட்டியம் பண்ணி, அழுதுகொண்டிருந்த அவளைச் சிரிக்க வைத்தது இந்த லஸானாதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டுக்கு வேண்டிய மாவு அரைத்து வந்ததும் அவன்தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

லஸானா மூட்டையை இறக்கிவைக்கும்போது தலைமையாசிரியர் ஒரு காகிதக் கட்டோடு வந்தார்.

"அம்மா, பெரிய யுத்தம் நடந்து நூறு வருஷம் ஆகுது. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல போன நம்ம பேட்டை ஆளுங்க பேரையெல்லாம் பள்ளிக்கூடச் சுவத்துல எழுதப் போறோம். உங்க தாத்தா போனவர்தானே? பேர் சொல்லுங்க."

"தியெமோக்கோ டெம்பெலே."

"ஊரு?"

தெனே முறத்தைப் புடைத்தாள். கல் எல்லாம் போன பிறகும் புடைத்தாள்.

"திங்கக்கிழமை பெயின்டர் வர்றார். அதுக்குள்ள சொல்லிடுங்க" என்று அவர் போய்விட்டார்.

ஊர் தெரியாமல் இல்லை. தாலாபுகு. தாத்தாவின் பட்டாளப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், அண்ணன் ஸுமானாவின் தையல் அறை அலமாரிக்கு மேலே, இரண்டு பதக்கங்களோடு கிடக்கிறது. பிரச்சினை வேறு.

தாத்தா போனது 1917இல். திரும்பி வந்தவர் சொந்த ஊருக்குப் போகவே இல்லை. செகூவில் படகுத்துறைக் காவலாளியாக உட்கார்ந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே செத்தார். அப்போது தெனேக்கு எட்டு வயது. அவளுக்கு அவரைப் பற்றி ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். மரக்கட்டை மாதிரி காய்ந்த பாதம். ஒரு காலைக் கொஞ்சம் வெளியே வீசி நடக்கும் நடை. அவளுடைய அப்பாவுக்கும் அதே நடை. அப்புறம் பயறு. வெந்த பயறு கிண்ணத்தில் வந்தால் முதல் சிட்டிகையை எடுத்துத் தரையில் ஓரமாக வைப்பார். "டெம்பெலே, இது உன் பங்கு" என்பார். பிறகுதான் சாப்பிடுவார், அதுவும் ருசித்து. டெம்பெலேயாகப் பிறந்துவிட்டுக் கோனே மாதிரி பயறு தின்கிறாரே என்று பேட்டையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். தனக்குத்தானே பங்கு வைத்துக்கொள்ளும் கிழவன் என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் இறந்த மறு வருஷம், சாவுச் செய்தி சொல்ல அப்பா தாலாபுகுவுக்குப் போனார். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வெளுத்துத் தேய்த்த காக்கி உடை, தோல் பை, கையில் பட்டாளப் புத்தகம், அவ்வளவு மரியாதையாகப் போனார். சாயங்காலமே திரும்பி வந்தார். "அந்த ஊர்ல டெம்பெலேன்னு ஒரு வீடுகூட இல்லையாம். இருந்ததும் இல்லையாம். எல்லாரும் கோனே." டப்பாவை அலமாரிக்கு மேலே வைத்தார். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பேசாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன் ஆள் கேட்ட காலத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் சொந்தப் பிள்ளைகளைக் களஞ்சியத்தில் ஒளித்துவைத்துவிட்டு, வீட்டில் வேலை செய்த அடிமையின் பிள்ளையை, வாய்க்கு வந்த ஒரு குடிப்பெயரைச் சொல்லி, பிடித்துக் கொடுத்ததுண்டு. ஊரும் இல்லாமல், இனமும் இல்லாமல், திரும்பிப் போக வாசலும் இல்லாமல் ஒரு மனிதன் வாழ்ந்தால் வேறென்ன நினைப்பது?

லஸானா தினமும் அவளை அடிமை என்கிறான். தினமும் அவள் சிரிக்கிறாள். தாத்தாவைத் தூக்கிக் கொடுத்தார்களா, அல்லது அவராகப் போனாரா? ஐம்பத்தேழு வயதில் அவளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் அண்ணனின் தையல் அறைக்குப் போனாள். ஸுமானா ஒரு நீல அங்கிக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. பேட்டையில் கல்யாணம் பேசக் கோலாக்கொட்டை கொண்டுபோவது என்றால் அவரைத்தான் முன்னால் அனுப்புவார்கள், பேச்சு அப்படி. கோனேக்களைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பயறு வைத்த வீட்டில் கை நனைப்பதுகூட இல்லை.

"செகூன்னு எழுதச் சொல்லு" என்றார்.

"தாத்தா செகூவுலயா பொறந்தார்?"

"செத்தது இங்கதானே."

"அண்ணே, நான் ஒருதடவை போய்ப் பாத்துட்டு வரேன்."

மிஷின் நின்றது. "அப்பா போய் அவமானப்பட்டது பத்தாதா? அங்க எவனாவது, ஆமா, உங்க தாத்தா எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்ல கிடந்தவன்தான்னு சொல்லட்டும். அப்புறம் நான் எந்த வீட்டு வாசல்ல போய்ப் பொண்ணு கேக்குறது? உன் பேத்திக்கு எவன் கோலாக்கொட்டை கொண்டாருவான்?"

"சொன்னா கேட்டுக்கறேன். நீ கேக்க வேண்டாம். உன்கிட்ட வந்து சொல்லவும் மாட்டேன்."

"நீ சொல்ல வேண்டாம், உன் மூஞ்சியே சொல்லிடும்" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மில்லில் மாவு வாங்கும்போது லஸானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொந்த அண்ணனிடம் சொல்ல முடியாததை முறைக்காரனிடம் சொல்லலாம். அவன் ஏற்கெனவே சொல்லக்கூடாததை எல்லாம் சொல்லிவிட்டவன். இந்தத் தடவை லஸானா சிரிக்கவில்லை. மாவுத் தூசி படிந்த இமையைத் துடைத்துக்கொண்டான்.

"உங்கப்பா காக்கி போட்டுக்கிட்டு, கையில பிரெஞ்சுக் காகிதத்தோட போனாரா?"

"ஆமா."

"கோனே ஊருக்குள்ள ஒரு டெம்பெலே மரியாதையா நுழைஞ்சா எவன்தான் நம்புவான்? வரி வசூலிக்க வந்தவன்னு நெனச்சிருப்பாங்க. நீ காகிதத்தைத் தொடாதே. வாயோட போ. உனக்கு அது போதும்."

போகும்போது மூன்று கிலோ பயறு அளந்து கொடுத்தான். "முறைக்காரங்க வீட்டுக்கு வெறுங்கையோட போவாதே, அடிமை."

சனிக்கிழமை காலை முதல் வேனில் ஏறி பிளா என்ற ஊரில் இறங்கினாள். அங்கிருந்து மூன்று சக்கர வண்டியில், பருத்தி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையாகத் தாலாபுகு வந்து சேர்ந்தாள். ஊர் முகப்பில் அடிபம்பு. ஏழெட்டுப் பெண்கள். வண்டியில் இருந்து இறங்கும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரல் நன்றாகவே வந்தது.

"ஏன்டி, இங்க கோனே வீடு எது?"

"எல்லாமே கோனே வீடுதான்."

"ஐயோ பாவமே! ஒரு ஊரே பயறு தின்னியா? அதான் ரெண்டு மைலுக்கு முன்னாடியே காத்து நாறுது."

பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி கை தட்டினாள். "இது டெம்பெலேதான்! இந்த வாய்க்கு வேற பேர் கிடையாது. எங்க வந்தே, ஓடிப்போன அடிமையே?"

"உங்களைக் கணக்கெடுக்கத்தான். எங்க தாத்தாவை இந்த ஊர்லதான் ஒளிச்சு வச்சிருந்தீங்களாம். திருப்பிக் குடுங்க, போறேன்."

"உங்க தாத்தா பேரென்ன?"

"தியெமோக்கோ டெம்பெலே."

சிரிப்பு நின்றது. எல்லோரும் ஒருத்தியைப் பார்த்தார்கள். தெனேயைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். நெடுநெடுவென்று, தலையில் நிறைகுடத்தோடு நின்றிருந்தாள். குடத்தை இறக்கக்கூட இல்லை.

"அந்தப் பையில என்ன? பயறா?" என்றாள்.

"பயறுதான்."

"வா."

அவள் பெயர் வொரோக்கியா கோனே. வீட்டுக்குப் போனதும் தெனேக்குத் தண்ணீர் கொடுத்தாள், பாய் போட்டாள், பயறை வாங்கி அடுப்பில் ஏற்றினாள். அது வேகும்வரை இரண்டு வீட்டுப் பிள்ளைகுட்டி நலம் எல்லாம் வரிசையாக விசாரித்து முடிந்தது. கல் பொறுக்காமல் போட்டுவிட்டாளே என்று தெனேக்கு ஒரு உறுத்தல். விருந்தாளி அதைச் சொல்லலாமா?

ஷியா மரக்கொட்டை வெண்ணெய் விட்ட பயறு கிண்ணத்தில் வந்தது. வொரோக்கியா ஒரு சிட்டிகை எடுத்தாள். தரையில் ஓரமாக வைத்தாள்.

"கோனே, இது உன் பங்கு."

தெனேயின் கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருக்குக்கா அது?"

"ஒரு திருடனுக்கு. எங்க தாத்தா பேரைத் திருடிட்டு ஓடிப்போனவன். புதுப் பயறு வந்தா அவனுக்கு எடுத்துவச்சுத் திட்டிட்டுத்தான் நாங்க வாயில வைப்போம். எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடமே அவனைத் திட்டுறதுதான்."

"அவர் பேரு?"

"ஸான். ஸான் கோனே."

பிறகு வொரோக்கியா சொன்னாள். சொல்லும்போது பயறையும் தின்றுகொண்டே சொன்னாள், பல தடவை சொல்லிப் பழகிய கதை என்பது தெரிந்தது.

"ஆள் பிடிக்க வந்தவங்க கையில பட்டியல் இருந்துச்சு. இந்த ஊர்ல இருந்தது ஒரே ஒரு டெம்பெலே வீடு. விதவை அம்மா, கண்ணு தெரியாது. ஒரே மகன் தியெமோக்கோ. அவன் பேரைக் கூப்பிட்டாங்க. கோனே வீட்டுல நாலு பசங்க, ரெண்டாவது ஸான். கூட்டத்துல இருந்து இவன் முன்னாடி வந்து, நான்தான் தியெமோக்கோ டெம்பெலேன்னு நின்னுட்டான்."

"யாராவது அவரைப் போகச் சொன்னாங்களா? அனுப்பினாங்களா?"

தெனே இதைக் கேட்டபோது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா சொல்றது? அவங்கப்பன் தலையில கையை வச்சுக்கிட்டு உட்காந்துட்டானாம். தியெமோக்கோ ஓடிப்போய் ஸான் கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். அதுக்கு ஸான் என்ன சொன்னான் தெரியுமா? 'என் அடிமையைப் பட்டாளத்துக்கு அனுப்ப பிரெஞ்சுக்காரன் யாரு? நீ எனக்கு இங்க வேணும். என் பயத்தங்காட்டுக்கு எவன் களை பறிக்கிறது? உன் பேரை மட்டும் குடு, சும்மாதானே கிடக்குது, நான் கொஞ்சம் ஓட்டிட்டு வரேன்'னு சொல்லிட்டு லாரி... அப்ப ஏது லாரி, நடந்தே போயிட்டான்."

தெனே தலைத்துணியின் முனையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடிமை. இத்தனை வருஷமாக எந்தச் சொல் உண்மையாக இருந்துவிடுமோ என்று பயந்தாளோ, அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவர் ஒருவனைக் காப்பாற்றியிருக்கிறார்.

மிச்சம் சுலபமாக விளங்கியது. வரிக்குத் தலை எண்ணும்போது கோனே வீட்டில் ஒரு பையன் குறையக்கூடாது. அதனால் தியெமோக்கோ குருட்டு அம்மாவோடு கோனே வீட்டுக்குக் குடிவந்து, காகிதத்தில் ஸான் கோனே ஆனான்; அவன்தான் வொரோக்கியாவின் தாத்தா. யுத்தம் முடிந்து செகூவில் இருந்து ஒரே ஒரு சேதி வந்தது: "நான் உயிரோட இருக்கேன். வரமாட்டேன். ஒரு ஊர்ல ரெண்டு தியெமோக்கோ நின்னா ரெண்டு பேரும் உள்ள போகணும். களையை ஒழுங்கா பறி." அவ்வளவுதான். ஒருமுறை வொரோக்கியாவின் அப்பா திங்கட்கிழமைச் சந்தைக்குப் போய்த் தேடியிருக்கிறார். செகூவில் டெம்பெலே என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்ததாம்.

"அறுபத்தாறுல ஒருத்தர் காக்கி போட்டுக்கிட்டு..." என்று தெனே ஆரம்பித்தாள்.

"அவரு உங்கப்பாவா?" வொரோக்கியா தின்பதை நிறுத்தினாள். "எனக்குப் பதினொரு வயசு. தாத்தா அந்தக் கொட்டகைக்குள்ளதான் உட்காந்திருந்தார். காக்கிச்சட்டைக்காரர் வந்து தாத்தா பேரையே சொல்லி, இந்த ஊர்ல தியெமோக்கோ டெம்பெலே வீடு எதுன்னு கேக்குறார். அம்பது வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு எல்லாருக்கும் ஈரக்குலை நடுங்கிப்போச்சு. அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்க. தாத்தா வாயே திறக்கலை. வந்தவர் திரும்பி நடந்து போனப்பதான் தாத்தா எழுந்தார். 'அந்தக் காலைப் பாருங்கடா, அது ஸானோட நடை'ன்னு கத்தினார். எங்கப்பா ரோடு வரைக்கும் ஓடினார். வண்டி போயிடுச்சு. அதுக்கப்புறம் தாத்தா ரெண்டு வருஷம்தான் இருந்தார்."

ஒரு கோழி வந்து ஸானின் பங்கைக் கொத்தித் தின்றுவிட்டுப் போனது. வொரோக்கியா அதை விரட்டவில்லை. வருஷா வருஷம் அதுதான் நடக்கும் போலிருந்தது.

தாத்தா பயறு சாப்பிடும் கதையைத் தெனே அப்போதுதான் சொன்னாள். படகுத்துறையில், கிண்ணத்தைக் கையில் வாங்கியதும், "டெம்பெலே, இது உன் பங்கு."

வொரோக்கியா கண்ணை அகல விரித்துக் கேட்டாள். பிறகு பாயில் ஓங்கி அடித்தாள்.

"அப்ப நீதான்டி பயறு தின்னி! ஊருக்குள்ள வரும்போதே என்ன பேச்சுப் பேசினே! ரத்தத்துல நான் டெம்பெலேடி. நீ கோனே. அறுபது வருஷமா என் சாதிச் சனத்தையே நான் அடிமைன்னு திட்டிட்டு இருந்திருக்கேன்!"

"நான் மட்டும் என்ன? இருபத்திரண்டு வருஷமா ஒரு மில்லுக்காரனை..." என்று தெனே தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு முடிந்தபோது வொரோக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா, நான், என் பிள்ளைங்க ஒம்போது பேரு, எல்லாரும் உங்க தாத்தா போனதாலதான்" என்று சாதாரணமாகச் சொன்னாள், விலைவாசி சொல்வதுபோல. "வந்தியே. அது போதும்."

"நீங்க திட்டிட்டே இருந்தீங்களே அக்கா. இல்லேன்னா நான் யாரைக் கண்டுபிடிச்சிருப்பேன்" என்றாள் தெனே.

மூன்று கிலோ கொண்டுபோனவள் பத்துக் கிலோ புதுப்பயறும் காலைக் கட்டிய ஒரு கோழியும் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் செகூவில் இறங்கினாள். வீட்டுக்குப் போய்க் கல் பொறுக்கி, பயறு வேகவைத்தாள். ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணனின் தையல் அறைக்கு வந்தாள்.

ஸுமானா அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். மிஷினில் இருந்து காலை எடுத்தார்.

அவள் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அப்பாவின் நடையைப் பார்த்துக் கிழவர் கத்தியதைச் சொல்லும்போது ஸுமானா கண்ணாடியைக் கழற்றி, அங்கித் துணியாலேயே துடைத்தார். வாடிக்கையாளர் துணியை அவர் அப்படித் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"தூக்கிக் குடுக்கலையா?" என்றார் கடைசியில்.

"இல்லண்ணே. அவரே போனார். சிரிச்சுக்கிட்டே போனாராம்."

"அப்பாவுக்குத் தெரியாமப் போச்சே."

"ம்."

அவர் எழுந்து டப்பாவை இறக்கினார். தூசியை ஊதினார். திறக்காமல் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாம கோனே."

"பயறு தின்னிங்க" என்றாள் தெனே.

ஸுமானாவின் முகத்தில் ஒரு பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. "லஸானாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இத்தனை வருஷம் அவனைத் திட்டினது அதிகமா நீதான். அது உன் பாடு. ஆனா அவன் சொல்லலைன்னா நான் அந்த ஊர்ல வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதையும் சேத்துச் சொல்லு."

கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பயறில் இருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்தார். மேஜை ஓரத்தில், நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். உதடு பிரிந்தது, எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே மூடிக்கொண்டது.

"அண்ணே, நாளைக்குக் காலையில பெயின்டர் வந்துடுவார்" என்றாள் தெனே. "ஊரு தாலாபுகு. அதுல சந்தேகமில்ல. பேருதான். ஸான் கோனேன்னு எழுதினா, அவர் சாகிறவரைக்கும் காப்பாத்தின ரகசியத்தை நாமளே சுவத்துல எழுதி ஒட்டின மாதிரி. தியெமோக்கோ டெம்பெலேன்னு எழுதினா, போனவர் பேரே இல்லாமப் போயிடுது. நான் தலைமையாசிரியர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

ஸுமானா செருப்பைத் தேடி மாட்டினார். தொப்பியைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டார், கல்யாணம் பேசப் போகும்போது வைப்பதுபோல. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, லஸானாவின் மில் பக்கம் திறக்கும் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெளியே போனார்.